பழைய பேடன்ட்டைத் தேடிப் படித்துப் பயன்படுத்துவது எப்படி: தொலைபேசி, கணினிச் சுற்று, மின்கருவி ஆர்வலர்களுக்கான வழிகாட்டி

மின்னணுவியல் படிப்பவர்களும், சிறு பட்டறை வைத்துக் கருவி செய்பவர்களும் பேடன்ட் (காப்புரிமை) ஆவணம் என்றாலே வக்கீல் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) சுற்று எதற்காக அப்படி அமைக்கப்பட்டது, ஒரு நினைவகச் செல்லில் எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தவரே படம் போட்டு விளக்கும் இடம் அதுதான். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியை (வெளியீட்டின் ஒரு பகுதியை எதிராகத் திருப்பி உள்ளீட்டில் சேர்ப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டுபிடித்த ஹெரால்ட் பிளாக்குக்கு 1937 டிசம்பர் 21 அன்று கிடைத்த அமெரிக்க பேடன்ட் 2,102,671-இல் அதற்கு 52 பக்க உரையும் 35 பக்கப் படங்களும் இருக்கின்றன. காலாவதியான பேடன்ட் யாருக்கும் இலவசம். ஆனால் அதைப் படிக்கும் வரிசை வேறு. முதல் பக்கத்தில் தொடங்கி நாவல் போலப் படித்துக்கொண்டு போனால் நாலாவது பத்தியில் தூக்கம் வந்துவிடும்.

படி 1: பெயரை நம்பாமல் தேடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, இன்று நாம் சொல்லும் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டுவது. கண்டுபிடிப்பு நடந்த நாளில் அந்தப் பெயரே பிறந்திருக்காது. பிறந்திருந்தாலும், பேடன்ட் எழுதுகிறவர் வேண்டுமென்றே பொதுவான சொல்லைத்தான் போடுவார். சில தலைப்புகளைப் பாருங்கள்.

அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் தொலைபேசி பேடன்ட் 174,465-இன் தலைப்பில் தொலைபேசி என்ற சொல்லே கிடையாது. 'தந்தியில் மேம்பாடு' என்றுதான் இருக்கும். டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கணினி மவுஸ் 3,541,541-இல் 'காட்சி அமைப்புக்கான எக்ஸ்-ஒய் நிலைகாட்டி' என்று பதிவாகியிருக்கிறது. கணினியில் நாம் ரேம் என்று வாங்கிப் பொருத்துவதன் அடிப்படையான ஒற்றை டிரான்சிஸ்டர் டிராம் செல்லுக்கு ராபர்ட் டென்னார்ட் வைத்த தலைப்பு 'புல விளைவு டிரான்சிஸ்டர் நினைவகம்', எண் 3,387,286. ஜகதீஷ் சந்திர போஸின் கலீனாப் படிக உணர்வி, குறைகடத்திக் கருவிக்கான மிகப் பழைய பேடன்ட்களில் ஒன்று. அதைத் தேட வேண்டுமானால் 'மின் குலைவுகளுக்கான உணர்வி' என்று தேட வேண்டும். எண் 755,840, வழங்கிய நாள் 1904 மார்ச் 29.

ஆகவே மூன்று வழிகளில் தேடுங்கள். எண் தெரிந்தால் கூகுள் பேடன்ட்ஸ் அல்லது ஐரோப்பிய பேடன்ட் அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தில் நாட்டுக் குறியான இரண்டு எழுத்தைப் போட்டு, ஒட்டினாற்போல் எண்ணை கமா இல்லாமல் தட்டுங்கள். எண் தெரியாவிட்டால் கண்டுபிடித்தவர் பெயரும் ஆண்டு வரம்பும் போதும். பெயரும் தெரியாதபோது வகைப்பாட்டு எண்தான் கைகொடுக்கும்.

வகைப்பாடு என்பது பேடன்ட் அலுவலகங்கள் ஒவ்வொரு ஆவணத்துக்கும் இடும் குறி. ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் 2013 முதல் சிபிசி என்ற கூட்டு வகைப்பாட்டைப் பயன்படுத்துகின்றன. பழைய ஆவணங்களுக்கும் பின்னோக்கி இந்தக் குறியை இட்டிருக்கிறார்கள் என்பது நமக்குப் பெரிய வசதி. நம் துறைக்கு மனப்பாடமாக வேண்டியவை சிலதான். தொலைபேசிக் கருவிகளும் இணைப்புகளும் எச்04எம். எக்ஸ்சேஞ்ச் சுவிட்சிங் எச்04க்யூ. மைக், ஸ்பீக்கர் வகையறா எச்04ஆர். பெருக்கிகள் எச்03எஃப். லாஜிக் கேட், ஃபிளிப்-ஃபிளாப் போன்ற துடிப்புச் சுற்றுகள் எச்03கே. அதில் 19 என்ற பிரிவு லாஜிக் சுற்றுகளுக்கு. கணினிச் செயலாக்கம் ஜி06எஃப், நினைவகம் ஜி11சி. ரிலேவும் சுவிட்சும் எச்01எச், பாதுகாப்புச் சுற்று எச்02எச், மின்மாற்று ஏற்பாடுகள் எச்02எம். குறைகடத்திக் கருவிகளில் ஒரு பகுதியை 2023-இல் எச்10 என்ற புது வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளில் எச்01எல் என்று போட்டிருந்தால் இரண்டிலும் தேடுங்கள்.

சரியான குறியைக் கண்டுபிடிக்கக் குறுக்குவழி உண்டு. உங்கள் பொருளுக்கு நெருக்கமான ஒரே ஒரு பேடன்ட்டை எப்படியாவது பிடியுங்கள். அதன் பக்கத்தில் இருக்கும் சிபிசி குறிகளில் மிக நீளமானதை எடுத்து, அதையும் ஆண்டு வரம்பையும் மட்டும் கொடுத்துத் தேடுங்கள். எங்கல்பார்ட்டின் ஆவணத்திலிருந்து ஜி06எஃப் 3/03543 என்ற குறியைப் பிடித்தால், தலைப்பில் மவுஸ் என்று எழுதாத மவுஸ்களும் வரிசையாக வரும்.

இன்னொரு கயிறு, மேற்கோள். 1947 முதல் அமெரிக்க பேடன்ட்களில் பேடன்ட் அலுவலகப் பரிசோதகர் பார்த்த முந்தைய ஆவணங்களின் பட்டியல் அச்சாகிறது. அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். 'இதை மேற்கோள் காட்டியவை' என்ற பகுதி வழியாக முன்னோக்கி வரலாம். நல்ல தேடலில் பாதி வேலை இந்த ஏற்ற இறக்கம்தான்.

ஒரு எச்சரிக்கை. 1976-க்கு முந்தைய அமெரிக்க பேடன்ட்களின் உரை, ஸ்கேன் செய்த படத்திலிருந்து கணினி வாசித்து எடுத்தது. இரண்டு பத்தி அமைப்பில் நடுவே ஐந்து வரிக்கு ஒன்றாக ஓடும் வரி எண்கள் வாக்கியத்துக்குள் புகுந்துவிடும். சிறிய எல் எழுத்தும் ஒன்றும், ஓ எழுத்தும் பூஜ்யமும் இடம் மாறும். சொல் தேடலில் கிடைக்கவில்லை என்பதற்காக ஆவணமே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மின்தடை மதிப்பையோ மின்னழுத்தத்தையோ எடுக்கும்போது பிடிஎஃப் படத்தைத் திறந்து கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

படி 2: முதல் பக்கத்தில் நான்கு விஷயம் மட்டும்

முதல் பக்கத்தில் பிறை அடைப்புக்குள் இரட்டை இலக்க எண்கள் சிதறிக் கிடக்கும். எந்த நாட்டு ஆவணமானாலும், ஜப்பானிய மொழியில் இருந்தாலும், இந்த எண்களின் பொருள் ஒன்றே. 22 என்றால் விண்ணப்பித்த நாள். 30 என்றால் முன்னுரிமை, அதாவது முதலில் வேறெங்கோ விண்ணப்பித்த விவரம். 45 வழங்கிய நாள். 54 தலைப்பு, 72 கண்டுபிடித்தவர், 73 உரிமையாளர். 1970-களுக்கு முந்தைய ஆவணங்களில் இந்த எண்கள் இருக்காது. அங்கே தலைப்புக்கு அடியில் ஒரே வரியில் விண்ணப்ப நாள் எழுதியிருக்கும்.

எண்ணின் வாலைப் பாருங்கள். ஏ1 என்று முடிந்தால் அது பெரும்பாலும் வெறும் விண்ணப்பம். அமெரிக்காவில் 2001 முதல் பி1, பி2 என்று முடிபவைதான் வழங்கப்பட்ட பேடன்ட்கள். அதற்கு முன் விண்ணப்பங்களை வெளியிடும் வழக்கமே அங்கு இல்லாததால், பழைய எண்களுக்குத் தரவுத்தளங்கள் வெறும் ஏ என்று போடும், அவை வழங்கப்பட்டவையே. 'பேடன்ட் வாங்கிய தொழில்நுட்பம்' என்று விளம்பரம் செய்யும் பல பொருள்களின் எண்ணைத் தேடினால் ஏ1-இலேயே நின்றிருக்கும்.

படி 3: படம், பிறகு பெயர்ப்பட்டியல்

சுருக்கத்தைத் தாண்டி நேராகப் படத்துக்குப் போங்கள். பெல்லின் 174,465 பழகுவதற்கு அருமையான ஆவணம்: 7 படங்கள், 5 உரிமைக்கோரல்கள், ஒரு மாலையில் முடித்துவிடலாம். 7-ஆம் படத்தை ஏ3 தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். இடப்புறம் ஒரு கூம்பு, அதன் வாயில் இழுத்துக் கட்டிய சவ்வு. சவ்வின் நடுவில் ஒரு இரும்பு ஆர்மேச்சரின் (மின்காந்தம் இழுக்கும் துண்டு) ஒரு முனை ஒட்டியிருக்கிறது. மறுமுனை மின்காந்தத்தின் ஒரு காலில் தளர்வாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அங்கிருந்து கம்பி. வலப்புறம் இதேபோல் இன்னொரு மின்காந்தம், சவ்வு, கூம்பு. உரையில் ஒவ்வொரு எழுத்தும் வரும் இடத்தைப் பார்த்து, படத்தில் அந்த எழுத்தின் பக்கத்தில் தமிழில் உறுப்பின் பெயரை எழுதுங்கள். அச்செடுத்த தாளில் பென்சிலால் எழுதுவது திரையில் பார்ப்பதைவிட வேகமானது. 

பிற்கால ஆவணங்களில் எழுத்துக்குப் பதில் எண் இருக்கும்: 1-ஆம் படத்து உறுப்புகளுக்கு 100-இலிருந்து, 2-ஆம் படத்துக்கு 200-இலிருந்து என்று. ஒரே எண் இரண்டு படங்களில் வந்தால் அது ஒரே உறுப்பு.

ரிலே சுற்றுகளுக்கு இது போதாது. எக்ஸ்சேஞ்ச் பேடன்ட்களில் ஒரு தாளில் முப்பது நாற்பது ரிலேக்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். அங்கே செய்ய வேண்டியது மூன்று. முதலில் பேட்டரியின் உயிர்ப்பக்கத்தை எல்லாம் ஒரு நிறத்திலும், பூமியை இன்னொரு நிறத்திலும் தடவுங்கள். (தொலைபேசியில் பொதுவாக நேர்முனைதான் பூமி, கம்பியில் இருப்பது மைனஸ் 48 வோல்ட். நிலத்தடிக் கம்பி மின்னரிப்பில் தின்னப்படாமல் இருக்க அப்படி வைத்தார்கள்.) அடுத்து ஒவ்வொரு ரிலேக்கும் ஒரு வரி போட்டு, அதன் சுருள் எந்த வழியாக இழுக்கப்படுகிறது, எதனால் விடுபடுகிறது, அதன் தொடுமுனைகள் எதை இயக்குகின்றன என்று எழுதுங்கள். கடைசியாகக் கால வரிசை அட்டவணை.

ஸ்ட்ரோஜர் வகைத் தானியங்கி எக்ஸ்சேஞ்சில், சுழற்றிய இலக்கத்துக்கேற்ப நகர்ந்து இணைப்பைத் தேர்ந்தெடுக்கும் செலக்டரை உதாரணமாக எடுத்தால், வரிசை இப்படிப் போகும். வாடிக்கையாளர் ரிசீவரை எடுக்கிறார். கம்பி வளையம் மூடுகிறது. ஏ ரிலே இழுக்கிறது. அதன் தொடுமுனை பி ரிலேயை இழுக்கிறது. டயல் சுழன்று திரும்பும்போது வினாடிக்குப் பத்து முறை வளையம் வெட்டுப்படுகிறது. ஒவ்வொரு வெட்டும் ஏறக்குறைய 66 மில்லிவினாடி. அப்போது ஏ விடுகிறது, ஆனால் பி விடக்கூடாது. ஏ விட்டு, பி பிடித்திருக்கும் அந்த நிலையில்தான் மேலேற்றும் காந்தத்துக்கு ஒரு துடிப்பு போகிறது. அதே துடிப்பில் சி ரிலேயும் இழுக்கப்பட்டு, அந்த இலக்கத்தின் துடிப்புகள் முடியும்வரை பிடித்திருக்கிறது. துடிப்பு நின்றதும் சி விடுகிறது; இயந்திரம் அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. ரிசீவரை வைத்தால் ஏ நீண்ட நேரம் விட்டிருக்கும்; பி-யும் விடும்; எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

இதில் பி, சி இரண்டும் மெதுவாக விடும் ரிலேக்கள். சுருளோடு சேர்த்து உள்ளகத்தில் ஒரு செம்புக் கட்டை மாட்டியிருப்பார்கள். காந்தப் புலம் சரியும்போது செம்பில் தூண்டப்படும் மின்னோட்டம் அந்தச் சரிவைத் தாமதப்படுத்தும். ஆவணத்தில் 'மெதுவாக விடும் ரிலே' என்று மட்டும்தான் இருக்கும். எத்தனை மில்லிவினாடி என்று பெரும்பாலும் இருக்காது. அதைக் கவனிக்காமல் கடையில் கிடைக்கும் சாதாரண 12 வோல்ட் ரிலேயைப் போட்டு மாதிரி செய்தால், முதல் துடிப்பிலேயே பி விட்டு இணைப்பு அறுந்துவிடும். சி சீக்கிரம் விட்டால் 7 என்று சுழற்றியது 3-உம் 4-உமாக உடையும். பி மிக மெதுவாக இருந்தால் ரிசீவரை வைத்த பிறகும் சற்று நேரம் லைன் பிஸியாகவே இருக்கும். செம்புக் கட்டை ரிலே கிடைக்காவிட்டால் சுருளுக்கு இணையாக மின்தேக்கி போட்டுத் தாமதம் உண்டாக்கலாம். மின்தேக்கியோடு தொடராக ஒரு சிறு மின்தடை இல்லையென்றால், அதை நிரப்பப் பாயும் திடீர் மின்னோட்டத்தில் ஏ-யின் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும்.

படி 4: ஒரு இயந்திரம், பல பேடன்ட்கள்

ஆல்மன் ஸ்ட்ரோஜரின் 447,918 (1889 மார்ச் 12 விண்ணப்பம், 1891 மார்ச் 10 வழங்கல்) தானியங்கி எக்ஸ்சேஞ்சின் தாய் ஆவணம். அதைத் திறந்து டயலைத் தேடினால் கிடைக்காது. அதில் பொத்தானை எத்தனை முறை அழுத்துகிறோமோ அத்தனை படி நகரும் ஏற்பாடுதான். இந்தியானா மாநிலம் லா போர்ட்டில் 1892 நவம்பர் 3 அன்று திறந்த முதல் எக்ஸ்சேஞ்சும் டயல் இல்லாததே. சுழற்றும் டயல், கீத்தும் எரிக்சன் சகோதரர்களும் 1896-இல் விண்ணப்பித்து 1898-இல் பெற்ற 597,062-இல் வருகிறது. எனவே ஒரு கருவியை முழுதாக அறிய வேண்டுமானால் ஒரு எண்ணோடு நிறுத்தாமல், உரிமையாளர் பெயரை வைத்து அடுத்த பத்து ஆண்டுகளையும் துழாவுங்கள்.

படி 5: கோரல்தான் எல்லை

ஆவணத்தின் கடைசியில் எண்ணிட்ட வாக்கியங்கள் இருக்கும். அவைதான் கிளெய்ம் எனப்படும் உரிமைக்கோரல்கள். நிலப் பத்திரத்தில் சொத்தின் வரலாறு எத்தனை பக்கம் இருந்தாலும், எது உன்னுடையது என்பதைச் செக்குபந்திதான் சொல்லும். பேடன்ட்டில் கோரல் அந்த இடத்தில் இருக்கிறது. விளக்கவுரையில் சொன்னதெல்லாம் உரிமையாகிவிடாது.

பெல்லின் 5-ஆம் கோரலின் சாரம் இது: குரலோ வேறு ஒலியோ உண்டாக்கும் காற்றதிர்வுகளை ஒத்த வடிவில் மின் அலைவுகளை உண்டாக்கி, அந்த ஒலியைத் தந்தி வழியே அனுப்பும் முறையும் கருவியும். கவனியுங்கள்: சவ்வு இல்லை, கூம்பு இல்லை, மின்காந்தம் இல்லை. உறுப்பு எதையும் பெயர் சொல்லாமல், மின்னோட்டத்தின் வடிவத்தையே பிடித்துக்கொண்டார். அதனால்தான் வேறு வகை மைக் செய்தவர்களும் இதில் சிக்கினார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1888-இல் 4-க்கு 3 என்ற கணக்கில் இதைச் செல்லும் என்றது. இன்றைய பரிசோதகர் முன் இவ்வளவு அகலமான கோரல் தேறுவது கடினம்.

இப்போதைய கோரல்களைப் படிக்க ஒரு பயிற்சி. இந்த மாதிரிக் கோரல் பழகுவதற்காக எழுதியது: 'தொலைபேசிக் கம்பிப் பாதுகாப்புக் கருவி ஒன்று, அது உள்ளடக்கியவை: இரு கம்பிகளுக்கும் பூமிக்கும் இடையே ஒரு வாயு மின்னிறக்கக் குழாய், ஒவ்வொரு கம்பியிலும் தொடராக, சூடானால் மின்தடை ஏறும் ஒரு பிடிசி, பிடிசிக்குப் பிறகு கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு தைரிஸ்டர் வகைக் காப்பான், அந்தக் காப்பான் இயங்கியதைக் காட்டும் விளக்கு.'

ஒவ்வொரு உறுப்பாக வெட்டி, ஒரு நோட்டில் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வலப்பக்கம் உங்கள் கருவியில் அதற்கு ஈடானது எது என்று எழுதுங்கள். நான்கும் இருந்தால் நீங்கள் எல்லைக்குள் நிற்கிறீர்கள். விளக்கு இல்லையென்றால் சொல்லுக்குச் சொல் பார்க்கையில் வெளியே. விளக்கும் வைத்து, ஐந்தாவதாக ஒரு ஃபியூசும் சேர்த்தால்? 'உள்ளடக்கிய' என்று எழுதியிருப்பதால் கூடுதல் உறுப்பு உங்களைக் காப்பாற்றாது. 'மட்டுமே கொண்ட' என்று எழுதியிருந்தால்தான் காப்பாற்றும். விளக்குக்குப் பதில் பஸர் வைத்தால் தப்பிவிடலாம் என்று எண்ணுவதும் ஆபத்து: அதே வேலையை அதே விதத்தில் செய்து அதே பலனைத் தரும் மாற்றுறுப்பையும் நீதிமன்றங்கள் சமமாக எடுத்துக்கொள்வதுண்டு. அந்த நிலையில் பேடன்ட் ஏஜென்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

'1-ஆம் கோரலில் சொன்ன கருவி, அதில்...' என்று தொடங்குபவை சார்புக் கோரல்கள். 1-ஆம் கோரலுக்குள் நீங்கள் இல்லாவிட்டால் அதைச் சார்ந்தவற்றுக்குள்ளும் இருக்க முடியாது. ஆகவே தனித்து நிற்கும் கோரல்களை மட்டும் முதலில் படியுங்கள். 1960 முதல் 80 வரையிலான சுற்று பேடன்ட்களில் 'துடிப்புகளை எண்ணுவதற்கான வழிவகை' போன்ற தொடர்கள் குவிந்திருக்கும். பார்த்தால் எந்த எண்ணியும் அதில் அடங்கும்போலத் தோன்றும். அமெரிக்கச் சட்டப்படி, விளக்கவுரையில் காட்டிய சுற்றும் அதற்குச் சமமானவையும்தான் அதில் அடங்கும். இங்கே மட்டும் திரும்பவும் விளக்கவுரைக்குப் போக வேண்டும்.

விளக்கவுரையின் ஒரு சொல் வழக்கையே தீர்த்துவிடும் என்பதற்கு ஒருங்கிணைந்த சுற்றைவிட நல்ல உதாரணம் இல்லை. ஜாக் கில்பியின் 3,138,743-இல் (1959 பிப்ரவரி 6 விண்ணப்பம்) உறுப்புகளை இணைத்தவை மேலே வளைந்து தாவும் மெல்லிய தங்கக் கம்பிகள். ஆக்சைடின் மேல் தங்கத்தை 'இடலாம்' என்று உரையில் ஒரு மாற்று வழியும் உண்டு. ராபர்ட் நாய்ஸின் 2,981,877 (1959 ஜூலை 30) ஆக்சைடோடு 'ஒட்டிய' உலோகப் பாதையைக் கோரியது. இடுவது என்றால் ஒட்டியிருப்பது என்று கட்டாயப் பொருளில்லை என்று 1969-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாய்ஸ் பக்கம் தீர்த்தது. முன்னதாக விண்ணப்பித்தவர் கில்பி. முன்னதாக, 1961-இலேயே, பேடன்ட் வாங்கியவர் நாய்ஸ்.

படி 6: உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

கணக்கு எளிது. 1995 ஜூன் 8-க்கு முன் அமெரிக்காவில் விண்ணப்பித்தவற்றுக்கு வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. அந்த நாளில் உயிரோடு அல்லது நிலுவையில் இருந்தவற்றுக்கு 17-உம், விண்ணப்பத்திலிருந்து 20-உம் பார்த்து எது நீளமோ அது. அதன்பின் வந்தவற்றுக்கு முதல் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. டென்னார்டின் டிராம் பேடன்ட் 1968 ஜூன் 4 அன்று வழங்கப்பட்டது. 1985 ஜூன் 4-இல் முடிந்தது. மவுஸ் 1970 நவம்பர் 17, ஆகவே 1987. இந்தியாவில் இப்போது விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு.

பழைய முறையில் ஒரு விஷமம் உண்டு. எமில் பெர்லினரின் மைக் விண்ணப்பம் 1877 ஜூன் 4-இல் போனது. 463,569 என்ற எண்ணோடு வெளிவந்தது 1891 நவம்பர் 17-இல். பெல்லின் பேடன்ட் 1893-இல் முடியப்போகும் நேரத்தில் பெல் நிறுவனத்தின் கையிலேயே புதிய 17 ஆண்டு! எனவே பழைய ஆவணங்களில் விண்ணப்ப நாளைப் பார்த்து ஏமாற வேண்டாம். வழங்கிய நாள்தான் கணக்கு. புதிய ஆவணங்களில் முதல் பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு, இத்தனை நாள் நீட்டிப்பு என்று ஒரு வரி இருக்கும். அலுவலகத் தாமதத்துக்காகச் சேர்த்த நாள்கள் அவை. அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கட்டணம் கட்டாததால் இடையில் செத்தவையும் ஏராளம். அமெரிக்காவில் வழங்கிய மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் கட்ட வேண்டும். இந்தியாவில் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும். தரவுத்தளத்தில் 'கட்டணத்தால் காலாவதி' என்று பார்த்த மறுநாளே உற்பத்தியைத் தொடங்க வேண்டாம். இந்தியாவில் காலாவதியான நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மீட்டெடுக்க மனுப் போடலாம். அமெரிக்காவிலும் மீட்க வழி உண்டு. கூகுள் காட்டும் நிலவரம் ஊகம்தான். இந்திய ஆவணத்துக்கு இந்திய பேடன்ட் அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து இ-ரிஜிஸ்டரைத் திறந்து, கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பாருங்கள். அமெரிக்காவில் மட்டும் பேடன்ட் இருந்து இந்தியாவில் இல்லையென்றால், இங்கே செய்து இங்கே விற்கத் தடையில்லை. அங்கே ஏற்றுமதி செய்தால்தான் சிக்கல். எஸ்பாஸ்நெட்டில் குடும்பம் என்ற பகுதி, அதே கண்டுபிடிப்பு எந்தெந்த நாடுகளில் பதிவாகியிருக்கிறது என்று ஒரே பக்கத்தில் காட்டும்.

அடிப்படை பேடன்ட் முடிந்தாலும் அதன் மேம்பாடுகள் உயிரோடு இருக்கலாம். முடிந்த ஆவணத்தில் எழுதியபடியே செய்தால் பயமில்லை. 'கொஞ்சம் நவீனமாக்கி' செய்யும்போதுதான் மற்றவர் எல்லைக்குள் கால் வைக்கிறோம். சிப்பின் தளவமைப்புக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனியாக 10 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு என்பதையும், கருவியின் வெளித்தோற்றம் வடிவமைப்புச் சட்டத்தில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 7: செய்து பார்க்கும்போது

பேடன்ட்டில் எல்லாம் இருக்கிறது, மதிப்புகள் தவிர. மின்தடை, மின்தேக்கி அளவுகள் பல ஆவணங்களில் இருக்கவே இருக்காது. எந்த மதிப்பைச் சொன்னாலும் அதைவிட்டு விலகி ஒருவர் தப்பிவிடக்கூடும் என்பதால் எழுத மாட்டார்கள். பழைய படங்களில் மின்தேக்கியை 'கண்டென்ஸர்' என்பார்கள், எம்.எஃப். என்று சுருக்கியிருந்தால் அது மைக்ரோஃபாரட், மில்லி அல்ல.

பெல்லின் 7-ஆம் படத்தை அப்படியே செய்தால் ஒலி கேட்கும், ஆனால் காதை ஒட்டி வைத்தால்தான். காரணம், கம்பியில் பேச்சாக ஓடும் சக்தி முழுவதும் பேசுகிறவரின் மூச்சிலிருந்து வர வேண்டும். பேட்டரி வெறும் காந்தத்தை நிலைநிறுத்துகிறது. தொலைபேசி தூரம் போகத் தொடங்கியது பேட்டரியின் மின்னோட்டத்தையே குரல் ஏற்றி இறக்கும் கார்பன் மைக் வந்த பிறகு. அதே ஆவணத்தில் திரவத்தில் அமிழும் கம்பியால் மின்தடையை மாற்றும் வழியையும் பெல் ஓரிடத்தில் குறிப்பிட்டிருக்கிறார். பேடன்ட் 1876 மார்ச் 7-இல் கைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து மார்ச் 10 அன்று முதன்முதலாகப் புரியும்படி பேச்சு போனது அந்தத் திரவ வழியில்தான். படம் போட்ட வழியைவிட ஓரமாகச் சொன்ன மாற்று வழி நன்றாக வேலை செய்வது பேடன்ட்களில் அடிக்கடி காணும் விஷயம். 'மற்றொரு வடிவில்' என்று தொடங்கும் பத்திகளைத் தாண்டாதீர்கள்.

பழைய தொலைபேசியை வைத்துச் சோதிப்பவர்கள் மணிச் சுற்றில் கவனமாக இருக்க வேண்டும்: ஏறக்குறைய 75 வோல்ட் ஏசி, 25 ஹெர்ட்ஸ், ஈரக் கையில் நன்றாகவே உதறும். உயிருள்ள லைனில் சோதனைச் சுற்றை மாட்ட வேண்டாம். 48 வோல்ட் மேசைச் சப்ளையும் மின்னோட்டத்தை 40 மில்லிஆம்பியருக்குள் கட்டுப்படுத்தும் தொடர் மின்தடையும் போதும்.

உயிருள்ள பேடன்ட்டைக்கூடச் சோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கும் மட்டும் செய்து பார்க்க இந்திய பேடன்ட் சட்டத்தின் 47(3) பிரிவு இடம் தருகிறது. விற்கும் நோக்கம் வந்த கணத்தில் அந்தக் குடை விலகிவிடும். அமெரிக்காவில் இந்தச் சலுகை மிகக் குறுகியது. பல்கலைக்கழகத்துக்குக்கூடத் தானாகக் கிடைக்காது.

படித்துக்கொண்டே போகும்போது, 'இதில் யாரும் யோசிக்காத ஒன்று எனக்குத் தோன்றுகிறதே' என்ற கட்டம் வரும். அப்போது வாயைத் திறக்காதீர்கள். தொடக்ககால மின்னணுக் கணினியான எனியாக் 1946 பிப்ரவரியில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. பேடன்ட் விண்ணப்பம் 1947 ஜூன் 26-இல்தான் போனது. அமெரிக்கா தரும் ஓராண்டு அவகாசம் அதற்குள் தாண்டிவிட்டது. 1964-இல் கிடைத்த 3,120,606-ஐ 1973 அக்டோபர் 19 அன்று நீதிபதி ஏர்ல் லார்சன் செல்லாது என்று தீர்த்ததற்கு இது ஒரு காரணம். அடிப்படைக் கருத்துகள் முன்பே கணினி செய்து பார்த்த ஜான் அட்டனசாஃப்பிடமிருந்து வந்தவை என்பது இன்னொன்று. இந்தியாவில் அந்த ஓராண்டு அவகாசமும் பொதுவாகக் கிடையாது. கல்லூரிக் கண்காட்சியில் வைத்தது, யூடியூபில் போட்டது, இரண்டு பேருக்கு விற்றது எல்லாமே உங்கள் விண்ணப்பத்துக்கு எதிராகத் திரும்பும். முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பியுங்கள். தனிநபர் இணையவழியில் தாக்கல் செய்யக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்பைப் 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. கண்டுபிடிப்பு வெறும் மென்பொருளாகவோ அல்காரிதமாகவோ இருந்தால் 3(கே) பிரிவு தடுக்கும். அது எந்தச் சுற்றில், எந்த வன்பொருளில், என்ன தொழில்நுட்பப் பலனைத் தருகிறது என்று முதல் தாக்கலிலேயே படத்தோடு எழுதிவிடுங்கள், பிறகு புதிதாகச் சேர்க்க விட மாட்டார்கள்.